ஸர் பட்டமும் ஏழையின் பணமும்

(சேலத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூலியில் மிச்சம் பிடித்து, சீட்டும் டிபாசிட்டுமாகக் கட்டுகிறோமே, அந்தக் காசு யார் கையில் இருக்கிறது? எந்தக் காரியத்துக்குப் போகிறது? இதைக் கேட்கத் தூண்டும் ஒரு பழைய சங்கதியைச் சொல்கிறோம்.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி 19-ம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தது. அதன் முதலாளி ஸர் ஜார்ஜ் அர்பத்நாட். சென்னை பாங்கியின் தலைவராக இருந்தவர். சென்னைச் சட்ட கவுன்சிலிலும் அங்கத்தினராக இருந்தவர். நம் பாட்டன்மார் ஓட்டுப் போட்டா அனுப்பினார்கள்? இல்லை. 1892 சட்டத்தில் வர்த்தகச் சங்கத்துக்கு அந்தக் கவுன்சிலில் இடம் இருந்தது. ஏர் பிடித்தவனுக்கும் தறி நெய்தவனுக்கும் இடமில்லை.

கம்பெனி வியாபாரமும் செய்தது, ஊரார் பணத்தை வட்டிக்கும் வாங்கியது. இரண்டுக்கும் ஒரே பெட்டி! "கவுன்சில் துரையாயிற்றே" என்று நம்பி, உத்தியோகஸ்தர்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

பணம் எங்கே போயிற்று? லண்டனில் இருந்த கூட்டாளி மக்பேடியன் சூதாட்ட வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டார். 1906 அக்டோபர் 20-ந் தேதி தற்கொலை செய்துகொண்டார். இரண்டே நாளில், அக்டோபர் 22-ந் தேதி, சென்னைக் கம்பெனி கதவைச் சாத்தியது. திவால்! ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. மோசடி வழக்கில் ஸர் ஜார்ஜுக்கு 18 மாதம் கடுங்காவல். ஆனால் அந்தத் தண்டனையால் விதவையின் பெட்டி நிறைந்துவிடுமா?

இந்த அடியில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் சுதேசி பாங்கி வேண்டுமென்று கிளம்பினார்கள். 1907-ல் இந்தியன் பாங்கி பிறந்தது. 1969-ல் அது தேசவுடைமை ஆயிற்று.

இதில் நமக்கு என்ன பாடம்? திவாலுக்குக் காரணம் ஒரு துரையின் கெட்ட குணம் மட்டுமல்ல. பணம் போட்டவன் ஒருவன், அதை ஆளுகிறவன் வேறொருவன், கணக்குக் கேட்க எவனும் இல்லை என்ற ஏற்பாடே காரணம்.

இன்று பாங்கி டிபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. கூட்டுறவு பாங்கிக்கும் உண்டு. அதிக வட்டி என்று வாசல் தேடி வருகிற சீட்டுக் கம்பெனிக்கு அது கிடையாது. அவன் பட்டத்தையும் காரையும் பார்க்காதீர்கள். பதிவைப் பாருங்கள், ரசீதைப் பாருங்கள்.

கணக்குக் கேட்பது அவமரியாதையல்ல, தோழர்களே! அது உழைத்தவன் உரிமை. ஒருவனாகக் கேட்டால் விரட்டுவான். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!