குன்றும் தோட்டமும்

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரத்தையும் நம் கோலசிலாங்கூரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க விரும்புகிறேன். கிராக்கோவில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். அளவில் நம் பட்டணம் அதன் அருகில்கூட நிற்க முடியாது. ஆனாலும் இரண்டின் நில அமைப்பும் தலைவிதியும் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. விஸ்துலா ஆற்றங்கரையில் வாவெல் குன்று. அதன்மேல் போலந்து மன்னர்களின் அரண்மனையும் கல்லறைகளும். சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடத்தில் புக்கிட் மலாவத்தி என்னும் குன்று. அங்கே சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம். 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். போலந்தின் அரசவை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்சாவை நோக்கி நகரத் தொடங்கியது. சிலாங்கூரின் அரச இருக்கையும் கோலசிலாங்கூரை விட்டு லங்காட்டுக்கும் பிறகு கிள்ளானுக்கும் போனது. ஆட்சி போய்விட்ட பின் ஒரு நகரத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, ஆகவே, இரண்டுக்கும் பொது.

கிராக்கோவுக்கு 1364இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இருந்தது. 1978இல் யுனெஸ்கோ கிராக்கோவின் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆனால் என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானது நோவா ஹூத்தா. 1949இல், நகருக்குக் கிழக்கே, ஒரு பெரிய இரும்பாலைத் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. 1951இலேயே அது கிராக்கோவ் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. கிராமங்களிலிருந்து வந்த அந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு தேவாலயம் வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடினார்கள். 1977இல் அதைத் திறந்துவைத்தவர் கர்தினால் கரோல் வொய்த்திவா. அடுத்த ஆண்டு அவர் போப்பாண்டவரானார். அரண்மனையைப் பார்க்க வரும் பயணிகள் இன்று அந்தத் தொழிலாளர் குடியிருப்பையும் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்து நோவா ஹூத்தா எது? ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகியவற்றைச் சுற்றியிருந்த தோட்டங்கள்தாம் என்பேன். மலேசியச் செம்பனைத் தொழிலின் பிறப்பிடமே இங்குதான் இருக்கிறது. 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டார். இந்த மண்ணின் அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய பயிரும், உலக இலக்கியத்தில் இடம்பெற்ற ஒரு நூலும் இந்த மாவட்டத்துத் தோட்ட வாழ்விலிருந்து பிறந்தவை. அப்படியிருந்தும் கோலசிலாங்கூர் என்றால் குன்று, கலங்கரை விளக்கம், கம்போங் குவாந்தான் மின்மினிகள் என்று மட்டுமே பலரும் சொல்கிறார்கள். அவை அழகானவை, காக்கப்பட வேண்டியவை. ஆனால் அந்தப் பட்டியலில் தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடிய பெரட்டுக்களமும் அவர்கள் வாழ்ந்த லயன் வீடும் ஏன் இல்லை?

காரணம் நிர்வாகத்தில் இருக்கிறது. தோட்டம் தனியார் நிலம். சாலை, தண்ணீர், விளக்கு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டமும் அந்தக் கடமையை முதலாளியிடமே வைத்தது. கிராமங்களுக்குப் போன மேம்பாட்டுத் திட்டங்கள், தனியார் நிலம் என்ற காரணத்தால் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டன. மூன்று தலைமுறை வாழ்ந்தவரும் வேலை முடிந்த நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்தான். நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், தோட்டங்கள் கைமாறிய பின் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது இந்த அமைப்பின் விளைவு. குடியிருப்பவர் என்ற தகுதியே கிடைக்காதவரின் நினைவு, நகரத்தின் மரபாக எப்படிப் பதிவாகும்?

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். தோட்டத்து ரப்பரும் எண்ணெயும் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயின. அவை வளர்த்தது கிள்ளானையும் கோலாலம்பூரையும்தானே என்பார்கள். சரக்கு போனது உண்மை. ஆனால் சம்பள நாளில் தோட்டத்து மக்கள் வாங்கிய அரிசியும் துணியும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் கடைத்தெருக்களை வாழவைத்தன. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தோட்ட நினைவு என்பது வறுமையின், அடிமைத்தனத்தின் நினைவு, அதை ஏன் போற்ற வேண்டும்? என் பதில் இது. 1941இல் ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்க, சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையையே வரவழைத்தார்கள். அஞ்சி அடங்கியே கிடந்த மக்களுக்கு எதிராக எந்த அரசும் படையைக் கூப்பிடாது. செம்பனையின் வரலாற்றில் ஃபோக்கோனியேயின் பெயர் மட்டும் நிற்பதும் எனக்குச் சம்மதமில்லை. காட்டை அழித்ததும் கன்று நட்டதும் கூலிகளாக வந்தவர்களின் கைகள். அவர்களை வேலை வாங்கிய தண்டல்களாக இருந்தவர்களும் நம்மவரே என்பதையும் சேர்த்தே அந்த வரலாற்றை எழுத வேண்டும்.

2021இல் கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. தரம் உயர்ந்த நகரம் தன் மரபின் எல்லையையும் விரிக்கலாம். தென்னமரத்திலும் புக்கிட் ஈஜோக்கிலும் கோல்ஃபீல்ட்ஸிலும் பெயர் பெற்ற தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பழைய வருகைப் பதிவேடுகள், கோயில் கணக்குகள், தொழிலாளர் வேலைநாளைக் குறித்த செக்ரோல் புத்தகங்கள் போன்றவை எங்கெங்கே எஞ்சியிருக்கின்றனவோ அவற்றைத் திரட்டத் தொடங்க இந்தப் பள்ளிகளே நல்ல இடம். பால்மரம் சீவியவர்களும் குலை வெட்டியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்கள் சொல்வதையும் பதிவுசெய்ய வேண்டும். பணம் அதிகம் தேவைப்படாத வேலை இது. நகராண்மைக் கழகமும் பள்ளி வாரியங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.