கித்துள் தும்பில் ஒட்டிய முட்டை



மீனை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. நல்ல தீனி, சுத்தமான தண்ணீர், நடுவில் ஒரு மழை கிடைத்தால் மீன் தானாகவே முட்டையிடும். அந்த முட்டையைத் தாயும் தகப்பனும் தின்றுவிடாமல் காப்பாற்றிக் குஞ்சாக்குவதில்தான் வளர்ப்பவரின் கைத்திறன் இருக்கிறது. முட்டை ஒட்டுவதற்கு நாம் தொட்டிக்குள் எதை வைக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கப்பி, மொலி வளர்க்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். அவை குட்டி போடுகிற சாதி. அவற்றுக்கு இந்தப் பாடு கிடையாது.

மாத்தளையிலும் கண்டியிலும் மீன் கடைகளுக்குள் போனால் இப்போது ஒரு தட்டு முழுக்க இதற்கான சாமான்கள் அடுக்கியிருக்கின்றன. வெள்ளைப் பீங்கான் கூம்பு, பச்சை பிளாஸ்டிக் புல்விரிப்பு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் போலிச் செடி. உக்குவளையில் என் வீட்டுக்கு யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் பலர் மீனை வாங்கும் முன்பே இவற்றை வாங்கிவிடுகிறார்கள். அப்பா, அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய காசு அது. எனக்கு அதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. உக்குவளையில் கித்துள் மரம் இருக்கிறது, தென்னந்தும்பு இருக்கிறது, மூங்கில் இருக்கிறது, சிரட்டை இருக்கிறது, உடைந்த கூரை ஓடு இருக்கிறது. இத்தனையும் வீட்டைச் சுற்றிக் கிடக்கும்போது கப்பலில் வந்த பிளாஸ்டிக் புல் நமக்கு எதற்கு?

ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன். முட்டை ஒட்டிய பொருளை, முட்டையோடு, தொட்டியிலிருந்து தூக்கி எடுக்க முடியவேண்டும். மறுபடியும் சொல்கிறேன், தூக்கி எடுக்க முடியவேண்டும். முட்டையிட்ட தங்க மீன் களைத்துப்போய் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பசி வந்துவிடும். தன் முட்டை என்று அதற்குத் தெரியாது, தின்னத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மீனை வலைபோட்டுத் துரத்திப் பிடித்தால் செதில் உதிரும், வால் கிழியும், பாதி முட்டை நசுங்கும். மீனை விட்டுவிடுங்கள், முட்டையை எடுங்கள். செடி நட்டு அலங்கரித்த தொட்டியில் இதைச் செய்ய முடியாது. அடியில் ஒட்டவைத்த போலிச் செடியிலும் முடியாது.

இனி கித்துளுக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் பெரும்பகுதி கித்துளுக்குத்தான். அது எனக்குப் பிடித்தது, அதனால்.

கித்துள் பாணி எல்லோருக்கும் தெரியும். அதே மரத்தின் மட்டை அடியில், மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் உறைப் பகுதியில், கறுப்பும் கபிலமுமாக நீளமான தும்பு இருக்கிறது. தும்புத்தடி கட்டுகிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். தண்ணீரில் கிடந்து ஊறினாலும் சுலபத்தில் உக்காது. தென்னந்தும்பு அப்படி இல்லை. அது கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப்போகும். எவ்வளவு ஊறவைத்தாலும் தேயிலைச் சாயம்போல நிறம் விட்டுக்கொண்டே இருக்கும். அவசரத்துக்குத் தென்னந்தும்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் பாவிக்க வேண்டுமென்றால் கித்துள்தான்.

பனைத் தும்பில் மீன் முட்டை ஒட்டவைப்பது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவில், கெண்டை மீன் வளர்க்கிற விவசாயிகள் அரெங்கா என்ற பனையின் கறுப்புத் தும்பை மூங்கில் பத்தைகளுக்கு நடுவே விரித்துக் கட்டிக் குளத்தில் மிதக்கவிடுவார்கள். அந்தத் தும்புக்கு இஜுக் என்று பெயர். கட்டிய பாய்க்குக் ககபன் என்று பெயர். ஜப்பானில் தங்க மீனுக்கும் கொய் மீனுக்கும் சுரோ என்ற பனையின் நாரைப் பாவித்தார்கள். அரெங்கா நம்முடைய கித்துளுக்கு நெருங்கிய உறவுக்கார மரம். அவர்களுக்கு அந்தப் பனைகள், நமக்குக் கித்துள்.

கட்டும் முறையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். தும்பு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். தூரிகை செய்வதற்காக எண்ணெய் பூசிய தும்பு என்றால் வேண்டாம். எண்ணெய் பூசாத பச்சைத் தும்பு வேண்டும். அதிலும் ஊசிபோல விறைத்து நிற்கும் தடித்த தும்பைத் தனியே பிரித்துவிடுங்கள், அது மீனின் கண்ணைக் குத்தும். குதிரைமயிர் பருமனில் வளைந்து கொடுக்கும் தும்பு போதும். எங்கள் பக்கத்தில் தும்புத்தடி கட்டுகிற ஐயா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் முட்டை ஒட்டிய தும்பை வெயிலில் பிடித்து அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து மெல்லிய தும்பை எனக்கென்று தனிக் கட்டாக எடுத்து வைக்கிறார்.

தும்பைக் கொதிநீரில் அவியுங்கள். நிறம் இறங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அவியுங்கள். பிறகு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு மூங்கில் பத்தைக்கு நடுவே மெல்லிய அடுக்காகப் பரப்பி, பத்தையைச் சேர்த்து நைலோன் நூலால் கட்டுங்கள். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். செம்புக் கம்பி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கசிகிற செம்பு குஞ்சுகளுக்கு நஞ்சு. அடுக்கு மெல்லியதாக இருக்கவேண்டும். தும்புக்கும் தும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியவேண்டும். நெருக்கமாகக் கட்டினால் முட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். குவிந்த முட்டைக்கு ஒட்சிசன் போகாது. ஒன்று செத்தால் அதில் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். ஆகவே மெல்லிய அடுக்கு. இதைத்தான் பிள்ளைகள் அடிக்கடி மறக்கிறார்கள்: மெல்லிய அடுக்கு.

பொழுதுபட்ட பிறகு தொட்டியின் மேல்மட்டத்தில், தண்ணீருக்குச் சற்றுக் கீழே, இதை மிதக்கவிடுங்கள். தங்க மீனில், செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் வந்த ஆண்கள் இரண்டு, வயிறு ஒரு பக்கமாகச் சரிந்த பெண் ஒன்று போதும். கொஞ்சம் குளிர்ந்த புதுத் தண்ணீர். விடியற்காலையில் துரத்தல் ஆரம்பிக்கும். ஆண்கள் பெண்ணை நெருக்கித் தும்புக்குள் தள்ளும். தும்பு வளைந்து கொடுக்கும், ஆனால் முழுக்க விலகிக் கொடுக்காது. அந்தத் தடையில்தான் பெண் மீன் உடம்பை உதறி முட்டையை விடுகிறது. பிளாஸ்டிக் புல் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. அது ஒன்று முழுக்கச் சாய்ந்துவிடும், இல்லாவிட்டால் சுவர்போல நிற்கும். முட்டை பாதிக்குமேல் அடியில் விழுந்து சேற்றில் போய்விடும்.

துரத்தல் ஓய்ந்ததும் தூக்கி எடுங்கள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தும்பிலும் குண்டூசித் தலையளவு மணிகள், கண்ணாடிபோலத் தெளிவாக, லேசான மஞ்சள் படிந்து ஒட்டியிருக்கும். உதறினாலும் விழாது. என் மகளுக்குக் கண் கூர்மை. எந்த மூலையில் அதிகம் ஒட்டியிருக்கிறது என்று அவள்தான் முதலில் சொல்வாள். மறுநாள் பார்த்தால் கரு பிடிக்காத முட்டை பால்போல வெளுத்திருக்கும். அந்தத் தும்பை மட்டும் கத்தரியால் வெட்டி எறிந்துவிடலாம். பீங்கானில் ஒட்டியதை இப்படி வெட்டி எடுக்க முடியுமா? 25 பாகை செல்சியஸ் அளவிலான தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். உக்குவளையில் மழைநாள் குளிருக்கு இன்னும் ஒரு நாள் கூடப் பிடிக்கும். பொரிந்த குஞ்சு உடனே நீந்தாது. தும்பிலேயே ஒட்டிக்கொண்டு வயிற்றிலுள்ள மஞ்சட்கருவைக் கரைத்துக்கொண்டிருக்கும். அப்போது தும்பை எடுத்துவிடாதீர்கள். குஞ்சு தானாக நீந்தித் திரியும்போது எடுத்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயப்போடுங்கள். அடுத்த முறைக்கு ஆயத்தம்.

ஆகாயத் தாமரை வேரைச் சிலர் மெச்சுகிறார்கள். முட்டை நன்றாகத்தான் ஒட்டும். ஆனால் அந்த வேரோடு நத்தை வரும், தும்பிப் புழு வரும். ஒரு தும்பிப் புழு குஞ்சுத் தொட்டிக்குள் போய்விட்டால் குஞ்சு தேறாது. அதோடு, இலங்கையில் ஆகாயத் தாமரையை ஒழிப்பதற்கென்று 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மீனுக்காக அதை வீட்டில் வளர்த்து, மழைவெள்ளத்தில் சுது கங்கைக்குத் தப்பவிடுவது நல்ல வேலை இல்லை. உரப்பையைக் கீறிக் கட்டுவது பண்ணைக்காரர் வழக்கம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழை பிரிந்து நுண்ணிய நூலாகி, குஞ்சின் செவுளில் சிக்குவதை நான் கண்டிருக்கிறேன்.

கம்பளி நூல் மொப் பற்றிக் கேட்பீர்கள். கில்லி மீனுக்கும் ரெயின்போவுக்கும் அது அருமை. அக்ரிலிக் நூல் வாங்குங்கள். பருத்தியும் ஆட்டு ரோமமும் அழுகும். கடும் பச்சையோ கபிலமோ எடுங்கள், சாயம் போகும்வரை அவியுங்கள், ஒரு கோர்க்கில் கட்டி மிதக்கவிடுங்கள். கில்லி முட்டையின் தோடு கெட்டி, விரலாலேயே பொறுக்கலாம்.

ஏஞ்சல் மீன் வேறு குணம். அதற்குத் தும்பு வேண்டாம், வழுவழுப்பான சரிந்த தளம் வேண்டும். ஜோடி சேர்ந்ததும் இரண்டும் வாயால் அந்த இடத்தைக் கொத்திக் கொத்தித் துடைக்கும். ஒரு துண்டுக் கூரை ஓடு, அல்லது நெடுக்குவாட்டில் பிளந்த பி.வி.சி. பைப் போதும். சாய்த்து நிறுத்துங்கள். வெள்ளைப் பீங்கானைவிடக் கறுத்த ஓட்டை நான் விரும்புகிறேன். செத்து வெளுத்த முட்டை வெள்ளைத் தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், கறுப்பில் உடனே தெரியும். தாய் தகப்பன் தின்கிற ஜோடி என்றால் ஓட்டை அப்படியே தூக்கி எடுத்து வேறு தொட்டியில் வைத்து, பக்கத்தில் காற்றுக் குமிழ் விடுங்கள். செட்டையால் விசிறுகிற வேலையை அந்தக் குமிழ் செய்யும். டிஸ்கஸ் முட்டையை மட்டும் பிரிக்காதீர்கள். அந்தக் குஞ்சுகளுக்கு முதல் உணவே தாய் தகப்பனின் தோலில் ஊறும் சளிதான்.

மூங்கில் குழாய்க்குள் முட்டையிடும் பிளெகோ, சிரட்டைக்குள் ஒளிந்து முட்டையிடும் சின்னச் சிக்கிலிட், கொட்டம்பா இலைக்கடியில் நுரை கட்டும் பைட்டர், இவற்றுக்கெல்லாம் இன்றைக்கு நேரம் போதாது. அங்கேயும் அதே விதிதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். குழாயோ சிரட்டையோ, தூக்கி எடுக்க முடியவேண்டும்.

நேரம் முடிவதற்குள் நம்முடைய மீன்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர், சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வந்து, உக்குவளை மின்நிலையத்தை இயக்கி, சுது கங்கையில் விழுகிறது. அது வடக்கே போய் அம்பன் கங்கையில் சேர்கிறது. அந்த அம்பன் கங்கைப் படுகையில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. 1985இல் ரணில் சேனாநாயக்க விவரித்த ஸ்ரீலங்கென்சிஸ் என்ற பார்ப் ஒன்று. 1991இல் கொட்டெலாட்டும் ரொஹான் பெத்தியாகொடவும் விவரித்த மார்ட்டென்ஸ்டைனி என்ற பார்ப் இன்னொன்று. ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற மீன்கள் அவை. அந்தக் கங்கைக்குக் குறுக்கே மொரகஹகந்த அணை 2018இல் திறக்கப்பட்டுவிட்டது. ஓடின தண்ணீர் இப்போது பல மைல் தூரத்துக்குத் தேங்கி நிற்கிறது.

அந்த மீன்களை யாரும் பிடித்துவந்து வீட்டில் வைக்கக் கூடாது. தயவுசெய்து பிடிக்காதீர்கள். ஆனால் நாளைக்கு அரசாங்க நிலையம் ஒன்று அவற்றைப் பெருக்க முன்வந்தால், முட்டையைக் கையாளத் தெரிந்த மனிதர்கள் மாத்தளை மாவட்டத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பழக ஒரு மீன் இருக்கிறது: செர்ரி பார்ப். 1929இல் தெரணியகல விவரித்த நம் நாட்டு மீன். தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்குச் சொந்தமானது. இன்று உலகமெங்கும் கடைகளில் விற்கிற செர்ரி பார்பில் பெரும்பகுதி பண்ணைகளில் பிறந்ததுதான். ஆகவே ஓடையைத் தொடாமலே உங்களுக்கு ஜோடி கிடைக்கும்.

செர்ரி பார்ப் தங்க மீனைப்போல அள்ளிக் கொட்டாது. ஓரிரண்டாக இடும், இட்டதைத் திரும்பி வந்து தேடித் தின்னும். அதனால் கித்துள் தும்பிலும் மிக மெல்லியதை எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, சிறு கட்டாகக் கட்டி, நிழலான மூலையில் ஒரு கூழாங்கல்லோடு அமிழ்த்திவையுங்கள். அடியில் கண்ணாடிப் போளை ஒரு வரிசை பரப்புங்கள், தவறி விழுகிற முட்டை இடுக்குக்குள் போய்த் தப்பும். கட்டைத் தினமும் காலையில் எடுத்துப் பாருங்கள். முட்டை இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றி, அந்த இடத்தில் புதுக் கட்டு வையுங்கள். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சு மிகவும் சிறியது. ஆர்ட்டீமியாகூட முதல் நாட்களில் அதன் வாய்க்குப் பெரிது. ஆகவே அதற்கு இரையாகும் பச்சைத் தண்ணீரை முன்கூட்டியே ஒரு போத்தலில் வெயிலில் வைத்து வளர்த்துவிட்டு, அதற்குப் பிறகு தும்பைத் தொட்டியில் இறக்குங்கள்.