சொல்லும் பொறுப்பும்: ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல்



இருபதாம் நூற்றாண்டின் யூத அறிஞர்களுள் கவிஞராக எழுதத் தொடங்கியவர் ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல். 1907இல் வார்சா நகரில், ஹசீதியம் என்னும் யூத பக்திநெறியைப் பேணிய குருமரபில் பிறந்தார். இளமையிலேயே மறைநூல்களில் தேர்ந்து, பின் பெர்லின் சென்று மெய்யியல் பயின்றார். 1933இல் அவருடைய ஒரே கவிதைத் தொகுதி வார்சாவில் வெளிவந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர் வீட்டிலும் வீதியிலும் பேசிய இத்திஷ் மொழியில் அது அமைந்தது. உச்சரிக்கவொண்ணாத இறைப்பெயரையும் மனிதன் என்னும் சொல்லையும் அந்நூலின் தலைப்பு அருகருகே நிறுத்திற்று. அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு அதுவே வித்து எனலாம்.

அவ்வாண்டில்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஆமோஸ், எரேமியா முதலிய எபிரேயத் தீர்க்கதரிசிகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை ஹெஷல் அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். அரிஸ்டாட்டில் கண்ட கடவுள் எதனாலும் அசைவுறாதவர். தீர்க்கதரிசிகளின் கடவுளோ விதவையின் கண்ணீருக்கும் ஏழையின் துயருக்கும் நெகிழ்பவர். அந்நெகிழ்வைத் தன் நெஞ்சிலும் ஏற்றுத் துடிப்பவனே தீர்க்கதரிசி. அத்துடிப்பே அவனுடைய சொல்லாகிறது. இதுவே ஹெஷலின் ஆய்வுமுடிபு.

1938 அக்டோபரில் ஜெர்மானிய அரசு அவரைப் போலந்துக்கு நாடுகடத்திற்று. 1939 கோடையில், போலந்தின்மீது படையெடுப்பு நிகழ்வதற்குச் சில வாரங்கள் முன்னதாக அவர் இலண்டனுக்குத் தப்பினார். 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். அவருடைய தாயும் சகோதரியர் மூவரும் குண்டுவீச்சிலும் நாசிகளின் கொலைச் செயல்களிலும் மாண்டனர். அவருடைய கவிதையை முதலில் வாசித்த வார்சா யூதச் சமூகமே அழிந்துபட்டது. வாசகரை இழந்த கவிஞருக்கு நேரக்கூடிய துயரம் இதனினும் கொடிதாக இருத்தல் அரிது.

நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த ஹெஷல், 1951இல் ஓய்வுநாளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். இடத்தில் எழும் ஆலயத்தைப் பகைவர் இடிக்கலாம். காலத்தில் எழும் ஆலயத்தை இடிக்கவியலாது. வாரந்தோறும் வரும் ஓய்வுநாள் அத்தகையது என்பது அந்நூலின் சாரம்.

இளமையில் செய்த ஆய்வை விரித்து 1962இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதனைப் போரில் மடிந்த தம் மக்களுக்கு உரிமையாக்கினார். அந்நூற்பணியே தம்மைப் படிப்பறையினின்று பொதுவாழ்வுக்கு இழுத்தது என்று பின்னர் அவரே கூறினார். 1965 மார்ச் 21 அன்று அலபாமா மாநிலத்துச் செல்மாவில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார். தம் கால்களே அன்று வழிபாடு செய்தன என்றார். உள்ளத்துணர்வு உடலில் புலப்படுதலை மெய்ப்பாடு என்பது நம் இலக்கண மரபு. அன்றைய நடை அத்தகைய மெய்ப்பாடு. வியட்நாம் போரையும் அவர் எதிர்த்தார். குற்றம் சிலருடையதாயினும் பொறுப்பு அனைவர்க்கும் உரியது என்று வாதிட்டார். சமய அறிஞருக்கு அரசியல் எதற்கு என்று அவர்தம் சமூகத்திலேயே முகஞ்சுளித்தோர் உண்டு. அதற்காக அவர் ஒதுங்கவில்லை. 1972 டிசம்பர் 23, ஓய்வுநாளன்று, உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஆஷ்விட்சு கொலைமுகாம் கல்லால் எழுமுன் இழிசொல்லால் எழுந்தது என்பது ஹெஷலின் உறுதியான கருத்து. வசைமொழியும் பொய்யும் புழங்கிப் பழகிய பின்னரே கொலை எளிதாயிற்று. சொல்லுக்கு அழிக்கும் ஆற்றல் உண்டெனின், அதனைக் கையாளும் கவிஞர்க்குப் பொறுப்பும் உண்டு. எழுதிய சொல்லுக்காக நடக்கவும் வேண்டிவரும் என்பதை ஹெஷலின் வாழ்வு காட்டுகிறது.