பழம்பெரு நகரில் ஓர் உலக மன்றம்

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21 முதல் 31 வரை தில்லி மாநகரில் உலக மரபுக் குழு கூடியது. யுனெஸ்கோ அமைப்பு 1972-இல் இயற்றிய உடன்படிக்கையின் கீழ் இயங்கும் இக்குழுவிற்கு அது 46-ஆவது கூட்டம். பாரதம் அதனை ஏற்று நடத்தியது அதுவே முதன்முறை. அசாமில் அஹோம் மன்னர்களை அடக்கஞ் செய்த மொய்தாம் எனும் மேடுகள், நம் நாட்டின் 43-ஆவது உலக மரபுச் சின்னமாக அங்கே ஏற்கப்பெற்றன.

இத்தகைய மன்றத்திற்குத் தில்லி தக்க இடமே. கூட்டம் நடந்த பாரத மண்டபத்திற்கு அண்மையில் புராணா கிலா என்னும் பழங்கோட்டை நிற்கிறது. குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, செங்கோட்டை ஆகிய மூன்றும் உலகப் பட்டியலில் இடம்பெற்றவை. ஆயினும், உள்ளவற்றை எவ்வாறு பேணுகிறோம் என்பதைக் கொண்டே வந்த விருந்தினர் நம்மை மதிப்பர்.

ஹுமாயூன் சமாதியைச் சான்றாகக் கொள்வோம். மழைநீர் கசியலாகாது என்று கருதி, 20-ஆம் நூற்றாண்டில் அதன் கூரைமீது சிமெண்டுக் கலவையை அடுக்கடுக்காக ஏற்றினர். எண்ணம் நல்லதே; கட்டடத்திற்கோ அது பெருஞ்சுமையாயிற்று. 2007-இல் தொடங்கி 2013-இல் நிறைவெய்திய திருப்பணியில், அச்சிமெண்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை இட்டனர்.

நல்லெண்ணத்தால் விளையும் இத்தகைய கேட்டை நான் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே கண்டேன். என் ஊர் சித்தூர்ச் சீமையிலுள்ள பாலசமுத்திரம். அச்சீமை 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. எனினும் அங்குள்ள பழங்கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி. திருமலையிலும் குடிமல்லத்திலும் பல்லவர், சோழர் காலத்துத் தமிழெழுத்துகளை இன்றும் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றின் திருப்பணிக்குத் தில்லியிலிருந்து நானும் பொருள் அனுப்பினேன். குடமுழுக்கிற்குப் பின் சென்று பார்த்தேன். சிறு வயதில் நாங்கள் விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டிய அடித்தளக் கல்லைக் காணவில்லை. அதன்மேல் பளபளக்கும் ஓடு பதித்திருந்தனர். அருகே உபயதாரர் பட்டியல். அதில் என் பெயரும் இருந்தது. எழுத்தைக் கொண்டே பிழைக்கும் நான், எழுத்தை மறைக்கப் பொருள் கொடுத்திருந்தேன். குறை கூற எனக்கு வாய் எழவில்லை; ஒரு வார்த்தை முன்னமே எழுதியிருந்தால் அவ்வூரார் கேட்டிருப்பர்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் ஊர்க் கோயிலுக்கு உவந்து உதவுகிறோம். இனிப் பொருளோடு சில சொற்களையும் சேர்த்து அனுப்புவோம். எழுத்துள்ள கல்லின்மீது சிமெண்டும் வண்ணமும் பூச வேண்டா. மணலைப் பீச்சித் தேய்க்கவும் வேண்டா. வேலை தொடங்குமுன் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்குத் தெரிவித்துப் படியெடுக்கச் செய்க.

தில்லிக்கு வந்த பேராளர்கள் பதினொரு நாளில் கலைந்து சென்றனர். அவர்கள் ஆய்ந்த பொருள் நம் ஊர்க் கோயிலின் அடித்தளக் கல் வரையில் சென்று சேர்வது நம் கையில் இருக்கிறது.