பாலிசி எடுத்த நாளும் பலன் தொடங்கும் நாளும்

(மருத்துவ உதவி ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் ஒரு வகை எங்களை மிகவும் சங்கடப்படுத்துகிறது. மனுவோடு இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் ஒன்றும் இருக்கும். ப்ரீமியம் கட்டியிருக்கிறார்கள், பாலிசி நடப்பில் இருக்கிறது, ஆனாலும் கிளெய்ம் கிடைக்கவில்லை. காரணம் வெயிட்டிங் பீரியட், அதாவது காத்திருப்புக் காலம். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கண்ணீரோடு சொல்வார்கள். சில நேரம் அது உண்மைதான். பல நேரம், பாலிசி எடுத்த அன்று இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் கூடுமா கூடாதா என்ற கேள்விக்குள் இன்று நாம் போகவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களுக்கும், எடுப்பதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கும்தான் இந்தப் பேச்சு.

பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. இது சின்ன விஷயம். அடுத்தது, குறிப்பிட்ட சில நோய்களுக்கான காத்திருப்பு. கண்புரை, ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்றவை இந்தப் பட்டியலில் வரும். உங்களுக்கு அந்த நோய் இல்லாவிட்டாலும் பெரும்பாலான பாலிசிகளில் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 2 ஆண்டுக்கு மேலும் போகும். பல பாலிசிகளில் பிரசவச் செலவே கிடையாது. மருமகள் மாசமான பிறகு பாலிசி தேடி வருபவர்களுக்கு எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை.

நம் குடும்பங்களை அதிகமாகப் பாதிப்பது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புதான். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோய், அல்லது சிகிச்சை பெற்ற நோய் எல்லாம் இதில் வரும். சுகர், பிரஷர், ஆஸ்துமா, தைராய்டு எதுவானாலும் சரி. முன்பு கம்பெனிகள் 4 ஆண்டு வரை காக்க வைக்கலாம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி 3 ஆண்டுக்கு மேல் கூடாது.

இதை உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். வளைகுடாவில் 26 ஆண்டு வேலை பார்த்துவிட்டு நம் சகோதரர் ஒருவர் ஊர் திரும்பினார். அங்கே கம்பெனி இன்சூரன்ஸ் இருந்ததால் இங்கே எதுவும் எடுக்கவில்லை. வந்த இரண்டாவது மாதம், சுகர் இருப்பதை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துப் பாலிசி எடுத்தார். நான்கு மாதம் கழித்து டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது. பத்தாவது மாதம் காலில் புண். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பணம் மறுத்துவிட்டார்கள். ஒரே பாலிசி, ஒரே ஆள். டெங்குவுக்கும் சுகருக்கும் சம்பந்தமில்லை. காலில் வந்த புண்ணோ சுகரின் நேரடி விளைவு. காத்திருப்புக் காலத்தில் பாலிசியே செத்துக் கிடப்பதாக நினைக்க வேண்டாம். அந்த நோயும் அதன் விளைவுகளும் மட்டும்தான் வெளியே நிற்கின்றன.

அவர் பொய் சொல்லவில்லை, கம்பெனியும் விதியை மீறவில்லை. பாலிசி எடுத்த காலம்தான் பிந்திவிட்டது. வளைகுடாவில் கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸ் எத்தனை ஆண்டு ஓடியிருந்தாலும், இங்கே அதில் ஒரு நாளைக்கூடக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே சபுராளிகளுக்கு எங்கள் யோசனை: எடுப்பதென்றால் அங்கே சம்பாதிக்கும் காலத்திலேயே, உங்களையும் சேர்த்து இங்கே எடுங்கள். லீவில் வரும்போது மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம். நீங்கள் அங்கே உழைத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே அந்த மூன்று ஆண்டுகள் கழிந்துவிடும். குடும்பப் பாலிசியில் பின்னால் சேர்க்கப்படுபவருக்கு, அவர் சேர்ந்த நாளிலிருந்துதான் காத்திருப்புத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொகையைக் கூட்டும்போதும் இதே கணக்குதான். சுகர் உள்ள ஒருவர் 2024 ஜூனில் 3 லட்சத்துக்கு எடுத்து, 2026 ஜூனில் அதை 10 லட்சமாக்கினார் என்று வைப்போம். 2027 ஜூலையில் சுகரால் சிறுநீரகம் பாதித்தால் பழைய 3 லட்சம்தான் கிடைக்கும். கூட்டிய 7 லட்சத்துக்கு 2029 ஜூன் வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த மாதங்களை நம்மவர்கள் இழப்பது பெரும்பாலும் ப்ரீமியத் தேதியைத் தவறவிடுவதால். ஆண்டு ப்ரீமியத்துக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் கழித்த காலம் வீணாகாது. ஆனால் ஆண்டு ப்ரீமியம் கட்டுபவருக்கு, கட்டாமல் விட்ட அந்த இடைநாட்களில் நோய் வந்தால் பணம் கிடைக்காமல் போகலாம். 30 நாளும் தாண்டிவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கம்பெனி பிடிக்காவிட்டால் பாலிசியை விட்டுவிடாதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்து, பழைய தொகை அளவுக்குக் காத்திருந்த காலத்தோடு வேறு கம்பெனிக்கு மாறலாம்.

இனி ஏஜென்ட்கள் விஷயம். "சுகர் இருக்குன்னு போடாதீங்க பாய், ப்ரீமியம் ஏறிடும்" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை; நம் ஊரிலேயே நேர்மையானவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்பவருக்கு என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரியில் சேர்க்கும் பதற்றத்தில் மகன் டாக்டரிடம், "வாப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர்" என்பார். டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுவார். கம்பெனி முதலில் பார்ப்பது அந்த ஏட்டைத்தான். கிளெய்ம் போவதோடு பாலிசியையே ரத்து செய்யலாம். 5 ஆண்டு இடைவிடாமல் கட்டிவிட்டால், மறைத்ததாகச் சொல்லிக் கம்பெனி மறுக்க முடியாது என்ற விதி இருப்பது உண்மை. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நமக்கு அமானத்தும் இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை. நோயை எழுதிக் கொடுத்தவர் மூன்று ஆண்டு காத்திருக்கிறார். மறைத்தவர் எத்தனை ஆண்டு கட்டினாலும் பயந்துகொண்டே இருக்கிறார். ஃபாரத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்தோ ஓ.டி.பி.யோ உங்களுடையது. படித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பாலிசி கைக்கு வந்த பிறகும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சரியாகக் காத்திருந்தும் மறுத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

ப்ரீமியம் கட்ட வசதியில்லாதவர்கள் முதல்வரின் காப்பீட்டு அட்டையைப் பதிந்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். அதில் இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை. தகுதி இருந்தும் அட்டை எடுக்காத வீடுகள் நம் மஹல்லாவில் இன்னும் இருக்கின்றன.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு முதல் ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருவர் அமர்ந்திருப்போம். பாலிசித் தாளையும், கடைசியாகப் ப்ரீமியம் கட்டிய ரசீதையும், பழைய மருந்துச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். உங்கள் காத்திருப்பு எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, பாலிசியின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறோம். பெண்களுக்காக ஒரு சகோதரி தனியாக இருப்பார். வஸ்ஸலாம்.