“ஏற்கிறேன்” என்னும் பொத்தானும் நிலையாணைச் சட்டமும்

(மைசூருவில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்நகரின் ஹெப்பாள் பகுதியில் முந்நூறு ஏக்கருக்கும் கூடுதலான பரப்பில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் அமைந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 7 அன்று அங்கிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பலர் 2022இல் வேலைக்கான கடிதம் பெற்று, ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்து, 2024இன் பிற்பகுதியில்தான் சேர்ந்தவர்கள். மூன்று வாய்ப்புகள் அளித்தும் மதிப்பீட்டுத் தேர்வில் அவர்கள் தேறவில்லை, அந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே உள்ளது என்று நிறுவனம் விளக்கமளித்தது.

தேர்வின் நியாயம் தனியாக விவாதிக்கத்தக்கது. இன்றைய உரைக்குப் பொருளாவது அன்றைய நிகழ்வின் ஒரு சிறு கூறு. பயிற்சியாளர்கள் கைபேசியின்றி அறைக்குள் அழைக்கப்பட்டனர், பாதுகாவலர்கள் நிறுத்தப்பட்டனர் என்று ‘நைட்ஸ்’ என்னும் ஊழியர் அமைப்பு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் செய்தது. வற்புறுத்தல் ஏதும் நிகழவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அமைச்சகம் மாநில அரசுக்கு எழுதியது. மாநிலத் தொழிலாளர் துறையினர் வளாகத்துக்குச் சென்று விசாரித்தனர். இவர்கள் பயிற்சியாளர்கள், எனவே தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்று அதிகாரிகள் கருதியதாகச் செய்திகள் வெளியாயின.

வேலை பறிபோகும் நேரத்தில் பெற்றோரையோ சங்கத்தையோ அழைப்பதற்கான கருவி ஒருவரின் கையில் இருக்கலாமா, கூடாதா? இதைத் தீர்மானிக்கும் விதிகள் எங்கே எழுதப்படுகின்றன?

தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் சேர்பவருக்கு முதல் நாளில் மடிக்கணினியோடு பயன்பாட்டு விதிகள் அடங்கிய ஆவணம் ஒன்றும் தரப்படுகிறது. கருவியும் வலையமைப்பும் நிறுவனத்தின் சொத்து; அவற்றில் நடப்பன யாவும் கண்காணிக்கப்படலாம்; அந்தரங்கம் எதிர்பார்க்கப்படக் கூடாது; மீறினால் பணிநீக்கம் வரை நடவடிக்கை எடுக்கப்படலாம்; விதிகளை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பல பக்கங்கள் நீளும் இந்த ஆங்கிலத்தின் அடியில் “ஏற்கிறேன்” என்றொரு பொத்தான். “ஏற்கவில்லை” என்ற பொத்தான் இருந்தாலும் பயனில்லை. அதை அழுத்துபவருக்கு மடிக்கணினி கிடைக்காது.

இவ்விதிகள் அனைத்தும் தேவையற்றவை என்று தொழிற்சங்க இயக்கம் கூறவில்லை, கூறவும் கூடாது. வாடிக்கையாளர் வங்கியின் கணக்கு விவரங்களும் மருத்துவமனை நோயாளிகளின் பதிவுகளும் ஊழியரின் கையில் இருக்கின்றன. அவற்றைக் காப்பது ஊழியரின் கடமையே. விதி வேண்டுமா என்பதல்ல சிக்கல். அதை வகுப்பதில் யாருக்குப் பங்கு உண்டு என்பதே சிக்கல்.

இதே கேள்வி பஞ்சாலைகளிலும் பணிமனைகளிலும் முன்பே எழுந்தது. வருகை, விடுப்பு, தண்டனை ஆகியவற்றை நிர்வாகம் தன் விருப்பம்போல் தீர்மானித்த நிலைக்கு வரம்பிடவே 1946இல் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நிர்வாகம் வரைவை அளிக்க வேண்டியிருந்தது. அது சங்கத்துக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தது. ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே சான்றளிக்கும் அலுவலர் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், விதி நியாயமானதா என்று ஆராயும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது. ஒப்புதல் பெற்ற நிலையாணை வாயிலருகே தனிப் பலகையில், ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் ஒட்டப்பட வேண்டும் என்பதும் சட்டமாக இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளிக்குத் தம் மொழியில் கிடைத்த விதி, மென்பொருள் ஊழியருக்கு ஆங்கிலத்தில் மட்டுமே கிடைப்பது விந்தையிலும் விந்தை.

கர்நாடக அரசு 2014இல் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. 2019இலும் 2024இலும் அதை நீட்டித்தது. குறைதீர் குழு, பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு, ஒழுங்கு நடவடிக்கைகளைத் துறைக்குத் தெரிவித்தல் ஆகிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவை முறையாகச் செயல்படுத்தப்படவில்லை என்பது கர்நாடக மாநில தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கத்தின் தொடர்ந்த குற்றச்சாட்டு. விலக்கின் மெய்ப்பொருள் எளியது: மடிக்கணினி விதிகளைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, எவரிடமும் சான்று பெற வேண்டியதில்லை.

2020 டிசம்பர் 31 அன்று ஒன்றிய அரசு சேவைத் துறைக்கென ஒரு மாதிரி நிலையாணை வரைவை வெளியிட்டது. நிறுவனத்தின் அல்லது வாடிக்கையாளரின் கணினி வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவது நடத்தைக்கேடு என அவ்வரைவு கூறிற்று. அனுமதி எது, யார் தருவது என்பதை நிறுவனத்தின் உள்விதியே தீர்மானிக்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பின்படி, மாதிரி நிலையாணையை அப்படியே ஏற்கும் நிறுவனம் சான்று பெற்றதாகவே கருதப்படும். ஆட்சேபத்துக்கான வாசல் இவ்வாறு இன்னும் குறுகுகிறது.

அமெரிக்க அனுபவம் ஒன்று கருதத்தக்கது. 2019 இறுதியில் கூகுள் நிறுவனம் தொழிற்சங்க எதிர்ப்புக்குப் பெயர்பெற்ற ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. அந்த ஆலோசனை நிறுவனத்தின் தளத்தை ஊழியர்கள் திறக்கும்போது, கூட்டாகச் செயல்பட அவர்களுக்குள்ள உரிமையை நினைவூட்டும் சிறு அறிவிப்பு திரையில் தோன்றுமாறு பாதுகாப்புப் பிரிவு ஊழியர் ஒருவர் நிரல் எழுதினார். பாதுகாப்புக் கருவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று கூறி நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அலுவலக மின்னஞ்சலை வேலை நேரத்துக்கு வெளியே சங்கப் பணிக்குப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியம் 2014இல் அளித்த தீர்ப்பும் 2019 டிசம்பரில் அதே வாரியத்தால் மாற்றப்பட்டது. வலையமைப்பு நிர்வாகத்தின் சொத்து என்பதே காரணம். ஆலை வாயில் இருந்த காலத்தில் துண்டறிக்கை தர வாயிலுக்கு வெளியே தெரு இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியருக்கு சக ஊழியரைச் சந்திக்கும் இடமே நிர்வாகத்தின் வலையமைப்புதான்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் வேறு திசையில் சென்றது. ருமேனியாவில் தனிப்பட்ட செய்திகளுக்காக நீக்கப்பட்ட ஒரு பொறியாளரின் வழக்கில், கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் முன்கூட்டியே அவருக்கு அறிவிக்காததை அது குறையாகக் கண்டது. அதற்குச் சில நாட்கள் முன்னரே இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்திருந்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி. ஆனால் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பின் பொருட்டு ஊழியரின் ஒப்புதலின்றியே தரவுகளைக் கையாள நிறுவனங்களுக்கு வழிவிட்டிருக்கிறது.

விலக்கு நீக்கப்பட வேண்டும் என்பது முதற் கோரிக்கை. புதிய ஒழுங்கு விதியைப் புகுத்துமுன் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற பழைய சட்டத்தின் 9ஏ பிரிவு புதிய தொகுப்பில் 40ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பயன்பாட்டு விதிகள் மாற்றப்படும்போதெல்லாம் இதைச் சுட்டிக் கூட்டாகக் கடிதம் எழுத வேண்டும். விதிகளைக் கன்னடத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும் கேட்டுப் பெற வேண்டும். பணிநீக்க விசாரணையின்போது சக ஊழியர் ஒருவரும் கைபேசியும் உடனிருக்கும் உரிமையும் கோரப்பட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. விதிகளைச் சங்கத்துக்குக் காட்டும் ஆர்வத்தில் அந்த ஆவணத்தைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட வேண்டாம். அதுவே விதிமீறல் எனக் குற்றப்பத்திரிகை வரக்கூடும். தேவையான பிரிவுகளைப் பேனாவால் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். சங்க உரையாடல் சொந்தக் கைபேசியில், சொந்த இணைப்பில், வேலை நேரத்துக்கு வெளியே நடக்கட்டும்.