அன்னத்தைக் காத்த அறிவும் அருளும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்னம் என்றதும் கலைமகளின் ஊர்தி நம் நினைவுக்கு வரும். பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் பருகும் பறவை என்று நம் முன்னோர் அதைப் போற்றினர். உண்மையில் அத்தகைய திறன் எந்தப் பறவைக்கும் இல்லை. நல்லதையும் அல்லதையும் பகுத்துணர வேண்டும் என்று நமக்குச் சொல்லவே அவர்கள் அன்னத்தைக் காட்டினர். அந்தப் பகுத்துணர்வு அன்னத்தையே காப்பாற்றிய வரலாறு ஒன்று உண்டு.

சிங்கப்பூர்ப் பூமலையில் 1866ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அன்ன ஏரியில், நெதர்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட வெள்ளை அன்னங்கள் நீந்தியதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஆண் பறவை 10 முதல் 12 கிலோ வரை எடையுள்ளது. மனிதனின் கழுத்தில் 7 எலும்புகள். அன்னத்தின் கழுத்திலோ 20க்கும் மேல். அந்த நீண்ட கழுத்தை நீருக்குள் செலுத்தித்தான் அடியில் வளரும் பாசிகளையும் செடிகளையும் மேய்கிறது. இணையும் துணையும் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிரியாமல் வாழும். ஏறத்தாழ 5 வாரம் அடைகாத்து, சாம்பல் நிறக் குஞ்சுகளை முதுகில் சுமந்தும் வளர்க்கும்.

அன்னத்திற்குப் பல் இல்லை. ஆகவே சிறு கற்களை விழுங்கி, அவற்றின் துணையால் வயிற்றில் உணவை அரைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் இதுவே அதற்கு எமனாயிற்று. மீன் பிடிப்போர் தூண்டில் கயிற்றில் கட்டும் காரீயக் குண்டுகள் ஆற்றில் நழுவி விழுந்தன. அன்னங்கள் அவற்றையும் கல்லென்று விழுங்கின. அரைபட்ட காரீயம் குருதியில் கலந்து நரம்புகளைத் தாக்கியது. கழுத்தை நிமிர்த்த வலுவின்றி முதுகின் மேல் சாய்த்துக்கொண்டன. உண்டது கீழே இறங்காமல், உணவிருந்தும் பட்டினியால் மடிந்தன. 1980களின் நடுவில் தேம்ஸ் ஆற்றின் அன்னங்கள் வெகுவாகக் குறைந்துபோயின.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பறவையியல் அறிஞர் கிறிஸ் பெரின்ஸ் முதலானோர் இறந்த பறவைகளை ஆராய்ந்து காரணத்தை நிலைநாட்டினர். தொண்டர்கள் நோயுற்ற அன்னங்களை மீட்டு, குருதியிலுள்ள காரீயத்தை அகற்றும் மருந்தளித்துப் பேணினர். 1987இல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான காரீயக் குண்டுகளின் விற்பனையை அரசு தடை செய்தது. அதன்பின் அன்னங்கள் மெல்ல மெல்லப் பெருகின.

தேம்ஸ் ஆற்றில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் அன்னங்களைக் கணக்கெடுக்கும் பழைய மரபு ஒன்றுண்டு. முற்காலத்தில் அரச விருந்துக்குரிய பறவை எவருடையது என்று உரிமை காட்டவே அது நடந்தது. இன்று அதே மரபில் குஞ்சுகளை எடைபோட்டு, தூண்டில் முள்ளோ நூலோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்து விடுவிக்கிறார்கள். ஒரு மரபின் வடிவம் மாறாமலே அதன் நோக்கம் உயர்ந்துவிட்டது!

அன்பர்களே! அந்தத் தூண்டில்காரர்கள் கொடியவர்கள் அல்லர். கையிலிருந்து நழுவிய சிறு குண்டு என்ன செய்யும் என்பதை அறியாதவர்கள். நாமும் பூசை முடிந்த பூமாலையை நெகிழிப் பையோடு நீரில் விடும்போதும், பூஞ்சை பிடித்த ரொட்டியைப் பறவைக்கு வீசும்போதும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பறவைக்கு உணவிட விரும்பினால், அங்குள்ள காப்பாளரைக் கேட்டு, அவர் இசைந்தால் கீரையோ கோதுமையோ நீரில் இடலாம்.

அருள் மட்டும் போதாது. அதற்கு அறிவு துணை நிற்க வேண்டும். அப்போதுதான் நாம் செய்யும் தருமம் உரிய உயிரைச் சென்றடையும். பாலையும் நீரையும் பிரிக்கும் வேலையை அன்னத்திடம் விடாமல் நாமே ஏற்போம்.